பின்வாசலுக்கு வந்த மோர்

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பார்க்கர் துரை பங்களாவின் முன்கேட் விரியத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சர்க்கார் ஜீப் வெளியே வந்தது. முன்சீட்டில் தாசில்தார். பின்னால் இரண்டு மூன்று பேர், ஒருவர் காலடியில் நிலம் அளக்கிற சங்கிலி. புழுதி அடங்கும்வரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டோரமாக நின்றேன்.

என் கையில் ஒரு லட்டுப் பொட்டலம். அப்போது நான் மதுரையில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். பழங்காநத்தத்தில் சித்தி வீட்டில் தங்கல். அன்று காலையில் பரீட்சை. எழுதி முடித்த கையோடு லட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறியிருந்தேன்.

எங்கள் குடும்பத்துக்கு அன்று நிலம் கிடைக்கும் நாள். பார்க்கர் துரை குடும்பத்தின் எஸ்டேட்டில் உச்சவரம்புக்கு மேல் இருந்த வயலைச் சர்க்கார் எடுத்து, அதில் வேலை செய்த பதினோரு கூலிக் குடும்பங்களுக்கு எழுதியிருந்தது. அதில் எங்கள் குடும்பமும் ஒன்று. பங்களாவில் வைத்து ஒப்படைப்பார்கள், எல்லாரும் வந்துவிடுங்கள் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஜீப் போகிறதென்றால் காரியம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக எங்கள் தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற நெல் களத்துக்குப் போனேன்.

அங்கே இருந்தார்கள், பதினோரு குடும்பமும். குளித்து, வெளுத்த துணி உடுத்தி, வேப்பமர நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சட்டை போட்டிருந்தார். அம்மாவின் மடியில் மஞ்சளும் குங்குமமும். புது நிலத்தில் கால் வைக்கும்போது ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் வைத்து முடிந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நடுவில் ஒரு பெரிய பித்தளைத் தூக்கு இருந்தது.

“வா தாயி. வெயில்ல வந்திருக்க, மோரு குடி. பங்களா மிஸ்ஸி குடுத்துவிட்டாக,” என்றாள் அம்மா.

குடித்தேன். இஞ்சி தட்டிப்போட்டு, உப்பும் பெருங்காயமும் பதமாகக் கலந்த மோர். நாக்கில் இன்னும் இருக்கிறது அந்த ருசி.

“முடிஞ்சிருச்சாப்பா? எந்தப் பக்கம் நமக்கு?”

“எங்கிட்டு முடிஞ்சது. ஆபீசருக இன்னும் வரலையே. விடிஞ்சதுலருந்து உக்காந்திருக்கோம்,” என்றார் அப்பா.

“ஜீப்பு இப்பத்தான வெளிய போகுது?”

“எந்த ஜீப்பு?” என்றார் அவர்.

தரிசு என்று பேர் வைத்தவன்

இந்தத் தொடரில் பார்க்கர் குடும்பத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், கே.கே. நகரில் என் மாடி வீட்டுக்காரர், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், “என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது டீச்சர், அதையும் எழுதுங்கள்” என்றார். எழுதுகிறேன் சார். அந்த ஒழுங்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மதுரைக்கு வடகிழக்கே எங்கள் ஊர். மலையிலிருந்து கால்வாய் வெட்டி இந்தச் சமவெளிக்குத் தண்ணீர் கொண்டுவந்த காலத்தில், அந்த வேலையில் மேற்பார்வைக்கு வந்தவர்தான் முதல் பார்க்கர். வேலை முடிகிற நேரத்தில் சர்க்காருக்கு ஒரு மனு போட்டார். இந்த ஊரில் தரிசு நிறையக் கிடக்கிறது, எனக்குக் கொடுத்தால் திருத்திப் பயிர் செய்வேன் என்று. சர்க்காரும் அவர் ஆட்கள்தானே, கொடுத்துவிட்டது. கூப்பிடு தூரத்துக்குக் கூப்பிடு தூரம், கண்ணுக்கு எட்டியவரை.

அந்தத் தரிசில் எங்கள் ஆட்கள் சோளமும் குதிரைவாலியும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடு மேய்ந்தது. எங்கள் செத்தவர்கள் அதில்தான் புதைந்து கிடந்தார்கள். பட்டா என்று ஒன்று வாங்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு யார் கொடுத்திருக்கப் போகிறார்கள்? பட்டா இல்லாததால் அது தரிசு. தரிசு என்பதால் துரைக்கு.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், அந்த மனிதர் கால்வாய்க்காரர். தண்ணீர் எந்த வருஷம் வரும், எந்த மேட்டைச் சுற்றும், எந்தப் பள்ளத்தில் பாயும் என்று அவருக்குத்தான் தெரியும். பாயப்போகிற இடமாகப் பார்த்துத் தரிசு என்று கேட்டு வாங்கினார். ஊரில் வேறு தரிசும் இருந்தது, பாறையும் கள்ளியுமாக. அதை அவர் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கோரையையும் கருவேலத்தையும் வெட்டி அவருக்கு வயலாக்கிக் கொடுத்தார்கள், தங்கள் நிலத்திலேயே கூலிக்கு.

பிற்பாடு சுதந்திரம் வந்தது. துரைமார் எல்லாரும் கப்பல் ஏறினார்கள், பார்க்கர் குடும்பம் ஏறவில்லை. அப்புறம் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் நிலம் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தது. அதற்கும் எஸ்டேட் ஏஜெண்டு வழி வைத்திருந்தார். பிற்பாடு கடல் தாண்டிப் போய்விட்ட அந்தக் குடும்பத்துப் பங்காளிகள் பெயரில் கொஞ்சம், ஒரு டிரஸ்டு பெயரில் கொஞ்சம். பங்களா சமையல்காரர் பெயரில்கூட மூன்று ஏக்கர் இருந்தது. பாவம், அது அந்தச் சமையல்காரருக்கே தெரியாது. இத்தனை ஓட்டையில் ஒழுகியதுபோக மிஞ்சிய கொஞ்சம் வயல்தான் எங்கள் பதினோரு குடும்பத்துக்கு வந்தது. அதுவும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் பல வருஷம் நடையாய் நடந்ததால்.

முன்கேட்டும் களமும்

பங்களாவுக்கு இரண்டு வழி. ரோட்டைப் பார்த்த முன்கேட், இரும்புக் கேட். துரை வீட்டுக் கார், விருந்தாளி, பாதிரியார், ஆபீசர் எல்லாம் அதில். பின்னால் வாய்க்கால் கரை வழியாக வந்தால் நெல் களம். நாங்கள் அதில்.

முன்கேட்டில் வரக்கூடாது என்று போர்டு கிடையாது. யாரும் யாரையும் அடித்து விரட்டி நான் பார்த்ததும் இல்லை. கூலி அளப்பது களத்தில், எனவே வருவது களத்துக்கு. கல்யாணம் ஆனால் பொண்ணு மாப்பிள்ளையைக் களத்துக்கு அழைத்துப்போய், பின்வராந்தாப் படிக்குக் கீழே நிறுத்திக் கும்பிடவைப்பார்கள். கிறிஸ்துமஸ் கேக்கும் அந்தப் படியில்தான். அப்பா அங்கே பிறந்து வளர்ந்து ஐம்பது வயதைத் தொட்டவர், முன்கேட்டின் உள்பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

எனவே பங்களாவுக்கு வாருங்கள் என்று தலையாரி சொன்னதும் எங்கள் சனம் எங்கே போகும்? எந்தப் பக்கமாக என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சோறு வாய் வழியாகத்தானே என்று யாராவது கேட்பார்களா?

தாசில்தார் முன்வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் களத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே பங்களாவும் மாந்தோப்பும். ஜீப் சத்தம்கூடக் கேட்கவில்லை. மதியம்வரை பார்த்துவிட்டு, நிலம் பெற யாரும் முன்வரவில்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னபோது களத்தில் யாரும் அழவில்லை, கத்தவில்லை. அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “நம்ம பேர்ல தப்பு வந்துருச்சு போல,” என்றார். தப்பாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே.

திருடன் மாதிரி

மறுநாள் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். வெகுநேரம் நிற்கவைத்து உள்ளே கூப்பிட்டார்கள்.

“ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்மா. ஒரு ஆள் வரல. இவங்களுக்கு நிலத்துல விருப்பம் இல்ல, கூலி வேலையே போதும்னு சொல்றாங்கன்னு எஸ்டேட் ஏஜெண்டும் ஸ்டேட்மெண்ட் குடுத்திருக்கார்,” என்றார் தாசில்தார்.

“எல்லாரும் வந்திருந்தாங்க சார். பின்னாடி களத்துல இருந்தாங்க.”

“நிலம் வாங்க வர்றவங்க, திருடன் மாதிரி கொல்லைப் பக்கமா வருவாங்க?”

மூன்று தலைமுறையாகக் கொல்லைப் பக்கம் வரவைத்தவர்களை விட்டுவிட்டு, வந்தவர்களைத் திருடன் என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “தப்புத்தாங்கய்யா, தப்புத்தான்,” என்றார். அவர் இரண்டாவது தடவை அந்த வார்த்தையைச் சொன்னார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

தாசில்தார் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி. இவங்க அன்னைக்கு வந்திருந்தாங்கன்னு பங்களாக்காரம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுபடி நாள் குறிக்கிறேன்,” என்றார்.

வெளியே வந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “இம்புட்டுத்தானா? மிஸ்ஸி சொல்லிருவாக. வெயில்ல காஞ்சு கெடக்கோம்னு மோரு குடுத்துவிட்டவுகளுக்கு நாம வந்தது தெரியாதா?”

மிஸ்ஸி நல்லவுக

மிஸ்ஸி என்பது முதல் பார்க்கரின் பேத்தி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே நரைத்த மனுஷி, எங்களைப்போலவே தமிழ் பேசுவார். பிரசவ வலி என்றால் தன் காரில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார். நான் பத்தாவது பாஸானபோது பின்வராந்தாப் படியில் வைத்து ஒரு பேனா கொடுத்தார். எங்கள் தெருவில் ஒருத்தரும் அவரைக் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. “மிஸ்ஸி நல்லவுக” என்று ஆரம்பித்துத்தான் மற்றதையெல்லாம் சொல்வார்கள்.

அவரைப் பார்க்கப் போகும்போது முன்கேட் வழியாகத்தான் போகவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அப்பா ரோட்டிலேயே நின்றுகொண்டார். “நீங்க போய்ட்டு வாங்க,” என்றவர் அங்கிருந்து அசையவில்லை. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல்தடவையாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி அப்படி ஒரு பிடி.

மிஸ்ஸி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு கிழட்டு நாய். எங்களை அந்த வாசலில் பார்த்ததும் ஒரு கணம் அவருக்கு யாரென்றே பிடிபடவில்லை.

“பேச்சியா? என்ன இந்தப் பக்கம்?” என்றார்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். மிஸ்ஸி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

“ஆபீசர் எங்கிட்ட ரெண்டு தடவை கேட்டார், வாசல்ல யாராச்சும் வந்திருக்காங்களான்னு. வாட்ச்மேனை விட்டுப் பாத்தேன். வாசல்ல யாரும் இல்ல. அதைத்தான் சொன்னேன். நான் பொய் சொல்ற ஆள் இல்ல பேச்சி, உனக்கே தெரியும்.”

“தெரியுங்க,” என்றாள் அம்மா. “நாங்க களத்துல இருந்தோமேங்க.”

“களத்துல நீங்க எப்பவும் இருக்கிறவங்கதானே.”

நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். “அப்ப மோரு எதுக்குக் குடுத்துவிட்டீங்க?”

“வெயில்ல உக்காந்திருந்தீங்கம்மா. பாவமா இருந்துச்சு.”

அதாவது, பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். குளித்து, வெளுத்த துணி கட்டி, வேலைக்கு வந்த கோலத்தில் இல்லாமல் பதினோரு குடும்பம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். சமையல்காரரைக் கூப்பிட்டு, இஞ்சி தட்டிப்போடு என்று சொல்லியிருக்கிறார். பிறகு முன்பக்கம் போய், தாசில்தாருக்கு டீ ஊற்றிக் கொடுத்து, வாசலில் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லாமலே ஒரு வேலையைச் செய்து முடிக்கிற படிப்பை இவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

“அந்த ஒரு வார்த்தையைத் தாசில்தார்ட்டச் சொல்லுங்க, போதும்,” என்றேன்.

“சட்ட விஷயமெல்லாம் ஏஜெண்டு பாத்துக்கிறார்மா. எனக்கு அதெல்லாம் தெரியாது.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “நிலத்தை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க? ஒரு நல்லது கெட்டதுன்னா நான் பாக்கலையா?” என்றார்.

அம்மா கும்பிட்டாள். பழக்கதோஷம். நாங்கள் வெளியே வந்தோம். அப்பா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். அம்மா விறுவிறுவென்று முன்னால் போனாள். வாய்க்கால் பாலத்தில் நின்று காறித் துப்பினாள்.

“எம்புட்டு மோரு குடிச்சேன்,” என்றாள்.

நடவு

அந்த வருஷம் கால்வாயில் தண்ணீர் விட்டதும் எஸ்டேட்டில் சேறடித்து நடவுக்கு ஆள் கூப்பிட்டார்கள். எங்களுக்கு எழுதி, எங்களுக்கு இல்லை என்று ஆக்கிய வயலையும் சேர்த்துத்தான். நடவு என்பது பெண்கள் வேலை. வேலைக்கு அழைக்க வந்த ஆளிடம் அம்மா, “வாரோம்னு சொல்லு,” என்று சொல்லி அனுப்பினாள்.

பிறகு வீடு வீடாகப் போய், கூலிக்கு இல்லை, நம் வயலில் நாமே நடுவோம் என்றாள். சங்கத்துக்காரர்கள் பொறுங்கள், மேல்முறையீடு போட்டிருக்கிறது என்றார்கள். அப்பா வேண்டாம் என்றார். “போலீசு வரும் பேச்சி.”

“வரட்டும். அவுகளுக்காச்சும் நாம கண்ணுக்குத் தெரியுதான்னு பாப்போம்.”

நான் லீவு போட்டு வந்திருந்தேன். காலை பத்து மணி வெயிலில், பக்கத்து ஊரில் சொந்தக்காரர்களிடம் வாங்கிய நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ரோட்டில் வரிசையாக வந்தார்கள். வாய்க்கால் கரைக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை. நேராக முன்கேட்டுக்கு வந்தார்கள். வாட்ச்மேன் எங்கள் ஊர்க்காரர்தான். என்ன செய்வது என்று தெரியாமல் திறந்துவிட்டார். நாற்றிலிருந்து சொட்டிய தண்ணீர் துரைவீட்டுச் சரளைக்கல் பாதை முழுக்கக் கோடு போட்டது.

ஏஜெண்டு முன்வராந்தாவிலிருந்து இறங்கி ஓடிவந்தார். “ஏய், எங்க வாரீக? எல்லாம் பின்னாடி போங்க.”

“பின்னாடி வந்தா யாரும் வரலைன்னு சொல்லிப்புடுறீகளேய்யா. அதான் முன்னாடி வாரோம்,” என்றாள் அம்மா.

நிற்காமலே சொன்னாள். பங்களாவைச் சுற்றிக்கொண்டு, மாந்தோப்பைத் தாண்டி, எங்களுக்கு எழுதின வயலில் இறங்கி, குலவையிட்டு நட்டார்கள். மிஸ்ஸியின் ஜன்னல் திறந்திருந்தது. அன்று மோர் வரவில்லை.

மாலைக்குள் போலீஸ் வந்தது. அத்துமீறி நுழைந்ததாக எல்லாப் பெண்கள் மேலும் கேஸ்.

கோர்ட்டில்

நிலம் என்ன ஆயிற்று என்று பதறுகிறவர்களுக்காக அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வந்தது. எண்பதுகளில், வேறொரு தாசில்தார் காலத்தில், வயல் வரப்பிலேயே நின்று கொடுத்தார். பதினோரு குடும்பத்தில் எட்டுக்குத்தான். அதுவும் முதலில் எழுதிய மடைவயல் இல்லை. அதற்குள் ஏஜெண்டு ஏதோ செய்து, தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையை எங்கள் தலையில் தள்ளிவிட்டார். அப்பா அதிலும் உழுதார். கேசில் அம்மாவுக்குத் தண்டனையும் ஆயிற்று, கோர்ட் கலையும்வரை உள்ளேயே இருக்கவேண்டும் என்று. அது ஆகாமல் தப்பித்திருக்கலாம். ஏன் ஆயிற்று என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

சங்கம் ஒரு இளம் வக்கீலை ஏற்பாடு செய்திருந்தது. மதுரைக்காரர், கெட்டிக்காரர். கோர்ட் மரத்தடியில் பெண்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“அக்கா, ரொம்பச் சிம்பிள். வாய்க்கால் கரை பொது வழி. அந்த வழியா களத்துக்கு வர்றது உங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். அதுல வந்தா அத்துமீறலே கிடையாது. வழக்கம்போல பின்பக்கமாத்தான் போனோம், முன்கேட்டுப் பக்கமே போகலைன்னு சொல்லிருங்க. வாட்ச்மேனும் மாத்திச் சொல்ல மாட்டார். கேஸ் நிக்காது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள். பின்பக்கம் வந்தால் வரவே இல்லை என்று ஒரு ஆபீசில் எழுதுவார்கள். இன்னொரு இடத்தில், பின்பக்கம்தான் வந்தேன் என்று சொன்னால்தான் விடுதலை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயில் என்று ஏதும் ஆகிவிட்டால் அம்மா தாங்கமாட்டாள் என்ற பயம் எனக்கும் இருந்தது.

முதலில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் வயதானவர், சளிப் பிடித்த குரல். குற்றப்பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க முன்கேட் வழியா உள்ள நுழைஞ்சதா எஸ்டேட் தரப்புல சொல்றாங்க. நுழைஞ்சீங்களா?”

வக்கீல் அம்மாவைப் பார்த்து மெல்லத் தலையை இடவலமாக ஆட்டினார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

“ஆமாங்கய்யா. முன்கேட்டு வழியாத்தான் போனேன். பகல்ல, நாத்துக்கட்டோட, எல்லாரும் பாக்கப் போனேன். மொதத் தடவை வந்தப்ப யாருமே வரலைன்னு எழுதிட்டாக. இந்தத் தடவையாச்சும் வந்தோம்னு எழுதிக்கங்க.”

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். வக்கீல் தன் காகிதங்களைக் கட்டி வைத்துவிட்டார். அடுத்து நின்ற பெண்களிடம் மாஜிஸ்திரேட் கேள்வியை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. அதற்குள் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள்.

“நானும்தாங்கய்யா.”

“நானும்தாங்க.”